எப்போதும் குளித்துக்கொண்டிருந்த மனிதர்

அத்தியாயம் ஆறு

ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஆசாத் தன் சந்தேகத்தை எடுத்துவிட்டான். புருஷன் ஓடிப்போன பெண்ணுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது, சரி. ஓடிப்போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து தினமும் உயிரை வாங்குகிறவனைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு அதைவிடக் கூடுதலாக அல்லவா தர வேண்டும்?

இன்றைக்குச் சிரிப்பதில்லை என்று பின்சீட்டில் இருந்த மணிமேகலை காலையிலேயே முடிவு செய்திருந்தாள். பாலத்துக் காற்று அந்த முடிவைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. வாய்விட்டுச் சிரித்ததில் புழுதி உள்ளே போனதற்காக அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

எடமலைப்பட்டி புதூரில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், அவளுடைய துப்பறியும் நிலையம் இருந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. உதவியாளன், ஓட்டுநர், வாயாடி எல்லாம் ஆசாத் ஒருவனே. அவர்களிடம் வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, வேறு எங்காவது மனசைக் கொடுத்து வைத்திருக்கிறானா. திருச்சியில் உள்ள ஆண்களைப் பற்றி மணிமேகலைக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் பிடிபடாமல் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான்.

அவன் முளைத்தது, கணவனைத் தேடச் சொல்லி வந்த, திருவானைக்காவலில் தையல் வேலை செய்யும் ஜெஸ்லினின் கேஸில். அவளுடைய கணவன் பெஞ்சமின் லாரி ஓட்டப் போனவன், எட்டு வருடமாகத் திரும்பவில்லை. அவள் யாரிடமும் கையேந்தாமல் தைத்துப் பிழைத்தாள். இந்த வருடம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். மனு இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அவர் நேரில் விசாரித்து எழுதியதை வைத்துத் தாசில்தார் முடிவெடுத்து, கடைசியில் ஒற்றை வரியாக அவள் செல்போனுக்கு வந்தது: நிராகரிக்கப்பட்டது.

தாசில்தாருக்கு மேலே இருக்கிற கோட்டாட்சியரிடம் அவள் மேல்முறையீடு செய்திருந்தாள். விசாரணை இன்று மாலை மூன்று மணிக்கு. அதுவும் போய்விட்டால் முசிறியில் அண்ணன் வீடு இருந்தது. வந்து எங்களோடு இரு என்று அண்ணன் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணன் நல்லவர்தான். அந்த வீட்டில் சமையல்காரி நின்றுபோன பிறகே அவருக்குத் தங்கை நினைவு வந்தது என்பதுதான் ஜெஸ்லினை உறுத்தியது.

பெஞ்சமினைக் கண்டுபிடிப்பது மணிமேகலைக்குப் பெரிய காரியமாக இல்லை. ஓசூரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தான். படமும் எடுத்தாயிற்று. கேஸ் முடிந்தது என்று கோப்பை மூடப்போன நேரத்தில்தான் நிராகரித்ததற்கான காரணம் கைக்குக் கிடைத்தது. மனுதாரர் தன் கணவருடன் மேற்படி முகவரியில் வசித்து வருகிறார்.

ஒரே ஆள் ஓசூரிலும் இருக்கிறான், திருவானைக்காவலிலும் இருக்கிறான். ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறார் போல என்றான் ஆசாத்.

அப்படி யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று நேற்றுப் போனில் கேட்டபோது, "யாரும் இல்லை மேடம்" என்று சொல்வதற்கு ஜெஸ்லின் ஒரு மூச்சு அதிகமாக எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு மூச்சுதான் மணிமேகலையைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்கிற குரல்களை அவளுக்குத் தெரியும். இது அந்தச் சாதி இல்லை. கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

அதனால்தான் இந்தக் காலை நேரத்தில், காரணத்தை எழுதியவரையே பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பகுதிக்கான கிராம நிர்வாக அலுவலர் கலையரசன். கிராமம் நகரமாகி, மாடிமேல் மாடி ஏறிவிட்ட பிறகும் பதவியின் பெயரில் மட்டும் கிராமம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதை நெருங்கிய, கோபப்படத் தெரியாத முகம். லஞ்சம் கேட்கிற ஆளாக இருந்தால் பிடிப்பது சுலபம் என்று வழியெல்லாம் ஆசைப்பட்டு வந்த ஆசாத்துக்கு, அவர் தன் காசில் இருவருக்கும் டீ சொன்னதும் முகம் தொங்கிப்போனது.

கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன் என்றார் கலையரசன். வாசலில் ஆண் செருப்பு. கொடியில் கட்டம் போட்ட சட்டை. ஜன்னல் விளிம்பில் சவரம் செய்கிற பிரஷ்.

"ஆளைப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டாள் மணிமேகலை.

"குளிச்சிட்டிருக்காருன்னு அந்தம்மாவே சொன்னாங்க."

ஜெஸ்லினே சொன்னாளா? மணிமேகலை ஆசாத்தைத் திரும்பிப் பார்த்தாள். கலையரசன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனதில் நெடுநாளாக ஒரு விஷயம் கிடந்து குதித்துக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஒரு துப்பறிவாளரே வந்து உட்கார்ந்திருக்கும்போது அதை அடக்க அவரால் முடியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஜெஸ்லின் குடியிருக்கும் காம்பவுண்டில் மூன்று வீடுகள். மூன்று வீட்டுப் பெண்களும் வெவ்வேறு உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார்கள். முதலில் அவர் விசாரிக்கப் போனது யமுனா என்கிற விதவையின் வீட்டுக்கு. வாசலில் ஆண் செருப்பு. மறுமணம் செய்துகொண்டுள்ளார் என்று எழுதினார். அடுத்தது, ஐம்பது வயது தாண்டியும் மணமாகாத பொன்னுத்தாய். அங்கேயும் செருப்பு. மணமானவர் என்று எழுதினார். மூன்றாவதாக ஜெஸ்லின் வீட்டு வாசலில் குனிந்து பார்த்தபோதுதான் அவருக்குத் தலை சுற்றியது.

"அதே செருப்புங்க மேடம். வார் அறுந்து நீல நூல்ல தைச்சது. கொடியில அதே சட்டை. ஒரே ஆளு, மூணு குடும்பம்." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "என்னால ஒண்ணையே சமாளிக்க முடியலை."

"மூணு வீட்டிலயும் அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்றான் ஆசாத்.

"குளிச்சிட்டிருந்தார்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

ஆசாத் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். இவ்வளவு சுத்தமான மனுஷனைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றான். அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருப்பது மணிமேகலைக்கு ஆபத்தாகிவிட்டது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. சிரிப்புக்குப் பின்னால் பயம் வருவது அவளுக்குப் பழக்கம்தான். அப்படி ஓர் ஆள் உண்மையிலேயே இருந்தால், மூன்று மணிக்குத் தான் நிற்கப்போவது ஒரு பொய்யின் பக்கத்தில்.

காம்பவுண்டு ஜம்புகேசுவரர் கோயிலுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் இருந்தது. இரும்புக் கேட், உள்ளே ஒரே முற்றத்தைப் பார்த்த மூன்று வாசல்கள், கடைசியில் பொதுக் குளியலறை. ஜெஸ்லின் குடியிருந்த முதல் வாசலில் அந்தச் செருப்பு ஜோடியாக, அடக்கமாக, ஒரு சேவகனைப் போலக் காத்திருந்தது. இடது கையால் காப்பி போட ஜெஸ்லின் உள்ளே போன நேரத்தில் மணிமேகலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செருப்பை எடுத்தாள்.

மேற்புறம் வெயிலில் வெடித்து, மழையில் ஊறி, நிறமே போயிருந்தது. வாரில் நீல நூல். செருப்புத் தைக்கிறவர் போடுகிற முரட்டுத் தையல் இல்லை. ரவிக்கை ஓரம் அடிக்கிற, சின்னச் சின்னதாக, ஒரே அளவான தையல். திருப்பினாள். அடிப்பக்கம் பளபளவென்று புதிதாக இருந்தது. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுக்கூட உரியவில்லை.

"பறந்துதான் போறார் மேடம்" என்றான் ஆசாத்.

கொடியில் இருந்த சட்டையின் காலரை அவன் மடக்கிக் காட்டினான். தோள்கள் இரண்டும் வெளுத்து வெள்ளையாகியிருந்தன. காலரின் உட்புறத்தில் ஒரு கழுத்து உரசிய அடையாளமே இல்லை. ஜன்னலில் இருந்த பிரஷின் முடியில் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

மணிமேகலை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வீட்டுக் கதவின் அழைப்பு மணி அவளுக்குள் அடித்தது. கூரியர்காரனோ, கேஸ் அடுப்பு சரிபார்க்க வருகிறவனோ, தெரியாத யார் மணி அடித்தாலும் அவள் செய்கிற ஒரு காரியம் உண்டு. காலியான படுக்கையறையைப் பார்த்துத் திரும்பி, "என்னங்க, யாரோ வந்திருக்காங்க" என்பாள். உள்ளே இருக்கிறவர் ஓர் உம் போடுவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நிற்பாள். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. ஊரார் வீட்டு ஆண்களையெல்லாம் தோண்டித் துருவுகிற தான், தன் வீட்டிலேயே இல்லாத ஒருவரை இத்தனை வருடமாகக் குடிவைத்திருப்பது இந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்தது. அவருக்கு ஒரு முகம்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று அசட்டுத்தனமாக ஒரு வருத்தமும் வந்தது.

ஜெஸ்லின் காப்பியோடு வந்தாள். செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள், மணிமேகலையின் கையைப் பார்த்தாள், டம்ளர் தளும்பியது.

"குளிக்கிறவருக்குத் தண்ணி போதுமான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் மணிமேகலை.

ஜெஸ்லின் குளியலறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் வழிந்தது. டம்ளரை ஆசாத் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், பெஞ்சமின் போன செய்தி தெருவில் பரவிய வாரத்திலேயே, இருட்டிய பிறகு யாரோ கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய்தான் வழி சொன்னாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நடைபாதைக் கடையில் ஆண் செருப்பாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கினார்கள். தட்டுவது நின்றுபோனது. யமுனா குடிவந்த பிறகு அவளும் பங்கில் சேர்ந்தாள். பகலில் மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட, எவள் தனியாக இருக்கிறாளோ அவள் வாசலுக்குச் செருப்பும் சட்டையும் பிரஷும் போய்விடும். கலையரசன் எப்போது வந்தாலும் யாராவது ஒருத்தி தனியாகத்தான் இருந்தாள். அதனால் எப்போது வந்தாலும் செருப்புக்காரரும் இருந்தார்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜெஸ்லின் வாசலில் வந்து நின்ற கலையரசன், தான் யாரென்று சொல்லவில்லை. எதற்கு வந்தேன் என்றும் சொல்லவில்லை. முதல் கேள்வியே, வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா என்பதுதான். அந்தக் கேள்விக்கு இந்த மூன்று வாசல்களிலும் ஒரே பதில்தான் உண்டு. யோசிக்காமல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற பதில். அவர் உதவித்தொகை விசாரணைக்கு வந்த அதிகாரி என்பது அவளுக்குத் தெரிந்ததே, வண்டியைக் கிளப்பும்போது அவர் சொன்ன பிறகுதான். அதற்குள் வீட்டுக்காரர் குளிக்கப் போயாயிற்று. வெளியே கூப்பிட முடியவில்லை.

தலையில் வாழையிலைக் கட்டோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். சேலைக்கு மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தியிருந்தாள். பொன்னுத்தாய் என்று சொல்லாமலே தெரிந்தது. விஷயம் வெளிப்பட்டுவிட்டதை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கட்டை இறக்கினாள்.

"கல்யாணமே ஆகாத எனக்குக் கவர்மெண்டே பார்த்து ஒரு புருஷனைக் கொடுத்திருச்சுங்க" என்றாள். "அதுவும் பாதி நாளு இவ வீட்டுல இருக்கான்."

ஆசாத் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். தனக்கு நிகரான ஒரு வாய் கிடைத்ததில் அவன் முகம் மலர்ந்திருந்தது.

வழக்கு முடிந்தது என்றான் அவன். மூன்று மணிக்குப் போய் இதைச் சொன்னால் போதும், செருப்பின் அடிப்பக்கத்தைக் காட்டினால் கோட்டாட்சியரே சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஜெஸ்லினின் முகத்திலிருந்து சிரிப்பு அப்படியே வடிந்தது.

"அங்கே சொல்லாதீங்க மேடம். எங்க தெருவே மனுவைத் தூக்கிட்டு அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டுல ஆம்பளை இல்லைன்னு மைக் வச்சுச் சொல்ற மாதிரி. நான் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

உதவித்தொகை வேண்டுமென்றால் அவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அவர் இல்லை என்று ஆகிவிட்டால் கதவு தட்டப்படும். இரண்டில் எது போனாலும் முசிறிதான். மணிமேகலை தன் தொழிலில் முதல் தடவையாக, கண்டுபிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். உண்மையைத் தோண்டி எடுக்கத்தான் அவளுக்குத் தெரியும். திரும்பப் புதைப்பதற்கு யாரும் இதுவரை கூலி கொடுத்ததில்லை.

வாபஸ் வாங்க வேண்டாம், ஓசூர் படத்தை வைத்தே பேசிப் பார்க்கிறேன் என்றாள். அந்தப் பேச்சில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

கோட்டாட்சியர் அலுவலகத்துக் கூடத்தில் ஜெஸ்லின் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பெஞ்சுகள் நிரம்பி, சுவரோரம் நிற்பவர்களும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்திருந்த ஒருவர் ஜெஸ்லினைப் பார்த்து, என்னம்மா நீயுமா என்றார். அவர்கள் தெரு மளிகைக் கடைக்காரர். ஜெஸ்லின் மணிமேகலையின் பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு ஓசூர் படத்தைப் பார்த்தார். கணவர் அங்கே இருப்பது சரி, நம்புகிறேன் என்றார். ஆனால் இங்கேயும் ஓர் ஆண் இருப்பதாக அறிக்கை சொல்கிறதே? கலையரசன் எழுந்து, செருப்பையும் சட்டையையும் பற்றிச் சொன்னார். மற்ற இரண்டு வீட்டைப் பற்றி, நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

"யாரோட செருப்பும்மா அது?" என்றார் கோட்டாட்சியர்.

மளிகைக் கடைக்காரர் கழுத்தை நீட்டினார். ஜெஸ்லின் எழுந்தாள். அவளுடைய முறிந்த கை சேலைத் தலைப்பைத் தேடியது. வாபஸ் என்கிற வார்த்தை அவள் உதட்டுக்கு வந்துவிட்டதை மணிமேகலை பார்த்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தப், தப், தப். யாரோ ஒரு பெரிய மீனைத் தரையில் அடித்துக்கொண்டே வருவதைப் போல. வரிசையை விலக்கிக்கொண்டு பொன்னுத்தாய் வந்தாள். சேலைக்கு மேல் கட்டம் போட்ட சட்டை. காலில் அந்தச் செருப்பு. முன்னால் இரண்டு விரல் அளவு காலி.

"என்னோடதுங்க ஐயா" என்றாள். "கால்ல ஆணி. சின்னச் செருப்பு போட்டா உயிர் போவுது. என் வாசல்ல வெயில் அடிக்குதுன்னு இவ வாசல்ல விடறேன். கழட்டிக் காட்டட்டுங்களா?"

வேண்டாம்மா என்று கோட்டாட்சியர் அவசரமாகச் சொன்னார். சட்டையைக் கேட்டபோது, வாழைக்கறை சேலையில் பட்டால் போகுமா ஐயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். தலையில் இலைக்கட்டுத் தூக்குகிறவள் மேலே ஒரு ஆண் சட்டையை மாட்டிக்கொள்வது இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. கூடத்தில் சிலர் தலையாட்டினார்கள். மளிகைக் கடைக்காரர் சுவாரசியம் இழந்து விசிறியைப் பார்த்தார்.

மணிமேகலைக்கு நெஞ்சு லேசாகிப் பறக்கத் தொடங்கியது. பறந்தது பாதியில் நின்றது. கோட்டாட்சியர் அறிக்கையைத் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே ஒருவர் குளித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே கலையரசன், அது யார்?

கலையரசன் பொன்னுத்தாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல நூலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். மூன்று வீட்டில் பார்த்த செருப்பு. அவர் பேசத் தொடங்குவதற்குள் மணிமேகலை எழுந்து, அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க அனுமதி கேட்டாள்.

"சார், அவங்க கதவைத் திறந்ததும் நீங்க முதல்ல கேட்டது என்ன?"

"எப்பவும் கேக்கறதுதாங்க. வீட்டுல ஆம்பளைங்க..."

அங்கேயே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்த கேள்வியைத் தானே இப்போதுதான் கேட்கிறவரைப் போல இருந்தது. அவர் கண்கள் ஜெஸ்லினிடம் போயின, பொன்னுத்தாயிடம் போயின, சுவரோரம் நிறைந்து நின்ற தெருவிடம் போயின. அந்த நல்ல முகத்தில் மூன்று கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறப்பதை மணிமேகலை பார்த்தாள். அவர் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதுதானே அவர் வேலை.

கலையரசன் கோட்டாட்சியரின் பக்கம் திரும்பினார்.

"நான் யாரையும் பார்க்கலைங்க ஐயா. குளியலறை மூணு வீட்டுக்கும் பொது. செருப்பைப் பார்த்து எழுதிட்டேன். மேற்படி செருப்பு பக்கத்து வீட்டாருடையது."

கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிராகரித்த உத்தரவு ரத்து, உதவித்தொகை வழங்கலாம் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அதே காம்பவுண்டில் இன்னும் இரண்டு மனுக்கள் நிராகரிக்கப்பட்டிருப்பதாகக் கலையரசனே மெல்லிய குரலில் சொல்லி, அவற்றையும் மறுபடி விசாரிக்க அனுமதி வாங்கிக்கொண்டார். அவற்றில் செருப்பு யாருடையது என்று எழுதுவார் என்று வெளியே வரும்போது ஆசாத்திடம் மணிமேகலை கேட்டாள்.

"பக்கத்து வீட்டாருடையதுதான் மேடம். எல்லா வீட்டுக்கும் ஒரு பக்கத்து வீடு இருக்கில்ல."

வராந்தாவில் கலையரசன் காத்திருந்தார். ஜெஸ்லினை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. இனி வந்தால் பெயரையும் உத்தியோகத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன் என்று தூணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் காம்பவுண்டில் கேசரி கிண்டினார்கள். வேலையிலிருந்து திரும்பிய யமுனாவுக்கு நடந்ததைப் பொன்னுத்தாய் நடித்தே காட்டினாள். கோட்டாட்சியரின் கண்ணாடி, மளிகைக் கடைக்காரரின் கழுத்து, எல்லாம் தத்ரூபமாக வந்தன. சிரித்து ஓய்ந்ததும் ஜெஸ்லின்தான் வாசலைப் பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது. அந்தச் செருப்பு பொன்னுத்தாயுடையது என்று இப்போது தெருவுக்கே தெரியும். அவர் போய்விட்டார்.

"வேற ஆளைப் பார்க்கணும்" என்றாள் யமுனா.

பார்க்கிற வேலையில் அனுபவம் உள்ளவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். மணிமேகலை காலை மடக்கி உட்கார்ந்து, உயரம் எவ்வளவு வேண்டும் என்று ஆரம்பித்தாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு மாப்பிள்ளை விசாரணையைச் செய்ததில்லை. யமுனா நல்ல உயரம் கேட்டாள். குடிக்கக் கூடாது என்றாள் பொன்னுத்தாய், மீசை அவசியம். ஜெஸ்லின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த ஆள் குளிக்க வேண்டாம். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் குளிப்பார்?

தூங்கட்டும் என்று மணிமேகலை முடிவு செய்தாள். தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் அசந்து தூங்குகிற ஆள். எழுப்பினால் பொல்லாத கோபம் வரும்.

நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் ஆசாத்தைப் பார்த்தார்கள். அவன் கழற்றி வைத்திருந்த கறுப்பு ஷூவை இன்னும் சரியாகப் பார்த்தார்கள். பத்தாம் நம்பர். புதிது, தோல், அவனுடைய கனவு என்றெல்லாம் அவன் சொல்லத் தொடங்கியபோது கேட்டில் யாரோ தட்டினார்கள்.

முதுகில் பையோடு ஒருவன். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிறவன். ஜெஸ்லின் போகிற போக்கில் ஷூவைக் காலால் வாசல் நடுவுக்குத் தள்ளிவிட்டுப் போய்க் கேட்டைக் கொஞ்சமாகத் திறந்தாள். வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா என்றான் அவன்.

ஜெஸ்லின் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்திருக்காரு."

உள்ளே மூன்று பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசாத் ஒரு கணம் தன் ஷூவைப் பார்த்தான். பிறகு தலைவிதியே என்று சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஒரு குறட்டையை எடுத்துவிட்டான். முற்றத்துக் கொடி ஆடியது. மணிமேகலை தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தூணில் முகத்தைப் புதைத்தாள்.

வந்தவன் ஷூவைப் பார்த்தான், அதன் நீளத்தைப் பார்த்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உழைத்துக் களைத்த ஒரு மனிதரின் தூக்கம் கலையாதபடி கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.